குழந்தைகளோடு பாங்காக்கில்: புதுமை தீர்ந்த பிறகும் பிடித்திருப்பவை

குடியேறிய புதிதில் எந்த ஊரும் அழகாகத்தான் தெரியும். யானை, தீவு, பொன்வேய்ந்த கோயில் எல்லாம் பார்த்து முடித்து, பள்ளி, சமையல், காய்ச்சல், வீட்டுப்பாடம் என்று நாட்கள் படிந்துவிட்ட பிறகு அந்த ஊர் எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். பாங்காக்கில் இரண்டு பிள்ளைகளைச் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறோம். எனக்கு இந்த ஊர் முன்பைவிட இப்போதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. இங்கே குழந்தையை யாரும் இடைஞ்சலாக நினைப்பதில்லை, அதுதான் காரணம்.

மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, உணவகத்தில் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பரிமாறும் பெண்கள் அவனை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு மீன்தொட்டியைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அவன் வீறிட்டு அழுதாலும் பக்கத்து மேசையில் யாரும் முகம் சுளித்ததில்லை. மேம்பால ரயிலில் சிறு பிள்ளையோடு ஏறினால் யாராவது எழுந்து இடம் தருவார்கள். பிள்ளைகளோடு வெளியே கிளம்பும்போது மனதில் ஒரு இறுக்கம் இருக்குமே, அது எப்போது போனது என்றே தெரியவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது சாவ் பிரயா ஆற்றில் ஓடும் எக்ஸ்பிரஸ் படகு. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு துறையை நெருங்கும்போது, பின்பக்கத்தில் நிற்கும் ஊழியர் விசில் ஊதி ஓட்டுநருக்குச் சைகை தருவார். நீள விசிலும் குட்டி விசிலுமாக அது தனி மொழி. அப்புறம் நடத்துநர் வருவார். கையில் நீண்ட உருளை வடிவத் தகரப் பெட்டி. சில்லறையும் டிக்கெட் சுருளும் அதற்குள்ளேயே இருக்கும். அதன் மூடியைக் கடகடவென்று தட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைவார். வீட்டில் பென்சில் டப்பாவை அதேபோல் தட்டி, சோபாவில் உட்கார்ந்திருக்கும் எல்லோரிடமும் டிக்கெட் கேட்பது மகனின் மாலை விளையாட்டு.

தெருமுனையில் கனோம் க்ரோக் விற்கும் அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பணியாரக் கல்லைப் போலவே குழி குழியான வார்ப்பிரும்புக் கல். அரிசி மாவை ஊற்றி, மேலே இனிப்பும் உப்பும் கலந்த தேங்காய்ப்பாலை விட்டு, சிலவற்றில் சோளமும் சிலவற்றில் வெங்காயத்தாளும் தூவி மூடிவிடுவார். திருப்பிப் போடுவதில்லை. அடி மொறுமொறுப்பாகவும் நடு கொழகொழப்பாகவும் வந்ததும் கரண்டியால் நெம்பி எடுத்து, இரண்டிரண்டாக முகம் சேர்த்து அடுக்கித் தருவார். ஆறும்வரை பொறுக்கச் சொன்னால் மகள் கேட்கவே மாட்டாள். சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும் மற்ற உணவில் கவனமாக இருக்க வேண்டும்: காய்கறி என்று வருவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு நிறத்தில் ‘ஜே’ என்று தாய்லாந்து எழுத்தில் போட்ட கடைகளை நம்பிப் போகலாம்.

மாலையில் பூங்கா. பழைய புகையிலை ஆலை இருந்த நிலத்தில் 2022இல் திறந்த பெஞ்சகிட்டி வனப் பூங்காவில் சதுப்பு நீருக்கு மேலே உயரத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். லும்பினி பூங்காவிலோ ஆளுயர நீர் உடும்புகள் சாவகாசமாகக் குறுக்கே போகும். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கும்போது ஓடிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். சறுக்குமரத்தின் உச்சியில் இருக்கும் என் மகனும்தான்.

பள்ளி வாழ்க்கையில் என்னை மிகவும் நெகிழவைத்தது வாய் க்ரூ, அதாவது ஆசிரியர் வணக்க நாள். பெரும்பாலும் ஜூன் மாத வியாழக்கிழமை ஒன்றில் நடக்கும். வியாழன் குருவுக்குரிய நாள் என்பது அவர்கள் மரபிலும் உண்டு. காணிக்கைத் தட்டில் என்ன வைக்க வேண்டும் என்று மகள் சொன்னதைக் கேட்டு வியந்துபோனேன்: அறுகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ. அறிவு அறுகுபோல் பரவ வேண்டும், இட்லிப்பூ மொட்டின் ஊசிமுனைபோல் புத்தி கூர்மையாக வேண்டும், கத்தரிப்பூபோல் தலை தாழ்ந்து பணிவு வேண்டும் என்பது பொருளாம். முந்தைய நாள் சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு அவள் புல் பறிக்கக் கிளம்பியதைப் பார்க்க வேண்டுமே! பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்லை இங்கே டீச்சருக்காகப் பறிக்கிறார்கள்.

பண்டிகைகளிலும் இந்த ஒட்டுதல் உண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான். நம் சித்திரைப் பிறப்பும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. காலையில் பெரியவர்களின் கைகளில் நறுமண நீர் வார்த்து ஆசி வாங்கிவிட்டு, பிறகு நாள் முழுக்கத் தெருவில் நீர்த்துப்பாக்கிச் சண்டை. சீலோம் சாலையில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலில், விஜயதசமி இரவு தேர் புறப்படும்போது தாய்லாந்து மக்களே கூட்டம் கூட்டமாகச் சாமந்தி மாலையும் தேங்காயுமாகக் காத்திருப்பார்கள். தன் வகுப்புத் தோழியை அங்கே பார்த்ததில் மகளுக்கு ஏகப்பட்ட பெருமை.

குறைகளும் உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் நுண்துகள் ஏறும். சில நாட்கள் பள்ளியையே மூடிவிடுவார்கள். படுக்கையறைக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் கட்டாயம் வேண்டும். நடைபாதைகளில் குழந்தைத் தள்ளுவண்டி உருளாது, குழந்தையைச் சுமக்கும் தூக்குப்பையே மேல். பன்னாட்டுப் பள்ளிகளின் கட்டணம் மலைக்க வைக்கும். 90 நாளுக்கு ஒருமுறை குடியேற்றத் துறைக்கு முகவரியைத் தெரிவிக்க வேண்டும், மறந்தால் அபராதம்.

குடும்பத்தோடு வர நினைப்பவர்கள், வீடு பார்க்கும்போது நீச்சல்குளத்தையும் பக்கத்து வணிக வளாகத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். பள்ளிக்கு நடந்தோ, ஒரே ரயிலிலோ போக முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்ததாக, மாலையில் பிள்ளைகள் ஓட ஒரு பூங்கா பக்கத்தில் இருக்கட்டும். இவை இரண்டும் அமைந்த வீடு சற்றுச் சிறியதாக இருந்தாலும் முன்பணத்தைக் கொடுத்துவிடலாம்.