இரண்டு கம்பெனி மெடிக்ளெய்ம், ஒரு குடும்பம்: எட்டு வருட அனுபவம்

நானும் கணவரும் சென்னையில் வேறு வேறு ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். 2018-இல் கல்யாணம் ஆனபோது ஆளுக்கொரு மெடிக்ளெய்ம் கார்டு, அதாவது கம்பெனி எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடு, இருந்தது. அவருடையது 5 லட்சம், என்னுடையது 3 லட்சம். 5 பெரிது, 3 சிறிது. அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

முதல் சறுக்கல் கல்யாணத்திலேயே ஆரம்பித்தது. கல்யாணமான 30 நாளுக்குள் துணையின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது இரண்டு கம்பெனியிலும் விதி. நாங்கள் விருந்து, குலதெய்வம் கோயில் என்று சுற்றிவிட்டு வந்து பார்த்தால் நாள் 34. அடுத்த ஏப்ரல் புதுப்பித்தல் வரை காத்திரு என்றார்கள். நல்லவேளை, அதற்குள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 2019-இல் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தே ஹெச்.ஆருக்கு மெயில் போட்டுவிட்டேன்.

அந்தப் பிரசவத்தில்தான் இரண்டு கார்டு இருப்பதன் உண்மையான பலன் புரிந்தது. கம்பெனி பாலிசியில் பிரசவத்துக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். 3 லட்சம், 5 லட்சம் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. சிசேரியனுக்கு என் கார்டில் 75 ஆயிரம், அவர் கார்டில் 60 ஆயிரம். பில் 1,48,000. முதலில் என் கார்டில் கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது. மீதி 73 ஆயிரத்தைக் கட்டிவிட்டு, அவர் பாலிசியில் ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டிய பணத்தைத் திரும்பத் தருவது) கேட்டோம். ஒரே செலவை இரண்டு இடத்தில் முழுசாக வாங்க முடியாது, ஆனால் ஒன்று தராத பாக்கியை இன்னொன்றில் கேட்கலாம். இதற்கு முதல் பாலிசியின் செட்டில்மென்ட் கடிதம் (எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம்) கட்டாயம். அசல் பில்கள் கேஷ்லெஸ்ஸில் போய்விடும் என்பதால், நகல்களில் ஆஸ்பத்திரி முத்திரையும் வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே முத்திரை வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்காமல் வந்துவிட்டு, என் தம்பி மூன்று முறை அலைந்தான். கடைசியில் கைக்காசு 13 ஆயிரம்தான்.

சரி, இனிப் பெற்றோர் விஷயம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் இருவர் கம்பெனியிலும் ஒரே விதி: சொந்தப் பெற்றோர் அல்லது மாமனார் மாமியார், ஏதாவது ஒரு ஜோடியைத்தான் சேர்க்கலாம். இதில் ஒருவர், அதில் ஒருவர் என்று கலக்க முடியாது. பிரீமியம் நம் சம்பளத்தில் பிடிப்பார்கள். நாங்கள் எல்லோரையும் போல அவர் பெற்றோரை அவர் கார்டிலும் என் பெற்றோரை என் கார்டிலும் போட்டோம். அதுதான் முறை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

2021-இல் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. 5 லட்சம் கார்டு இருக்கிறதே என்று தெம்பாகத் திருநெல்வேலியில் இருந்து அழைத்து வந்தோம். அறை எது வேண்டும் என்று கவுன்ட்டரில் கேட்டபோது, கூடத் துணைக்குப் படுக்க இடம் வேண்டுமே என்று நாள் வாடகை 7,500 அறையை எடுத்தார் இவர். பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5,000. நாளுக்கு 2,500 கூடுதல், ஐந்து நாளுக்கு 12,500, கட்டிவிடலாம் என்று நினைத்தோம்.

கணக்கு அப்படிப் போகவில்லை. வரம்பை மீறிய அறை எடுத்தால், டாக்டர் கட்டணம், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். எங்களுக்கு மூன்றில் இரண்டு பங்குதான். மொத்த பில் 3,10,000. அறை வாடகை 37,500-இல் 25,000 ஏற்றார்கள். டாக்டர், தியேட்டர் வகையறா 1,50,000-இல் 1,00,000. மூட்டு, மருந்து, பரிசோதனை 1,10,000 முழுசாக ஏற்றார்கள். இவற்றில் விகித வெட்டு கிடையாது. கையுறை, கிட் போன்ற 12,500-க்கு ஒன்றும் இல்லை. ஆக 2,35,000. அதில் பெற்றோருக்கு 20 சதவீத கோ-பே (நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு), 47,000. வந்தது 1,88,000. கையிலிருந்து போனது 1,22,000.

அன்று ராத்திரிதான் என் பாலிசி பிடிஎஃப்பை முதல் முறையாக முழுக்கப் படித்தேன். தனி ஏ.சி. அறை, வாடகை வரம்பு இல்லை. பெற்றோருக்கு கோ-பே இல்லை. இதே பில்லுக்கு என் 3 லட்சம் கார்டு 2,97,500 கொடுத்திருக்கும். அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ 5 லட்சம்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சது நான்தானா?" என்றார்.

2022 ஏப்ரலில் மாற்றிப் போட்டோம். சுகர், பி.பி. இரண்டும் உள்ள அத்தையும் மாமாவும் என் கார்டில். ஓரளவு திடமாக இருக்கும் என் அப்பா அம்மா அவர் கார்டில். காகிதத்தில் இது எளிது. வீட்டில் சொல்லும்போதுதான் சிரமம். "மாப்பிள்ளை கம்பெனி செலவுல எனக்கு வைத்தியமா? வேண்டாம்மா" என்று அப்பா ஒரு வாரம் முரண்டு பிடித்தார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர்களிடம் "மருமக கார்டு" என்று சொல்லும் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 80டி என்று சொல்லும் மருத்துவக் காப்பீட்டு வருமான வரிச்சலுகை, பெற்றோர் விஷயத்தில், சொந்தப் பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்துக்குத்தான்; மாமனார் மாமியாருக்குக் கட்டினால் கிடையாது. நாங்கள் புதிய வரிமுறையில் இருப்பதால் நஷ்டமில்லை, அதில் 80டியே இல்லை. பழைய முறையில் இருப்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

2023 ஆகஸ்டில் அவர் கம்பெனியில் ஆட்குறைப்பு. கடைசி வேலை நாளோடு கார்டும் போயிற்று. அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் தேதி குறித்திருந்த நேரம். தள்ளிப் போட்டோம். இரண்டரை மாதம் கழித்துப் புது வேலை கிடைத்து, புதுக் கார்டு வந்த பிறகுதான் செய்தோம். அந்த நாட்களில் அப்பா இருமினாலே எனக்கு வயிறு கலங்கும். வேலை போகும்போது கம்பெனியின் குழு பாலிசியில் இருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2024-இல் எங்கள் மூவருக்கும் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்தோம். அதற்குள் அவருக்கு சுகர் வந்துவிட்டதால் அதற்குக் காத்திருப்புக் காலம் போட்டார்கள், அதுவரை அந்த நோய்க்கான செலவைத் தர மாட்டார்கள். அந்த வருடம்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இந்தக் காத்திருப்பின் உச்சவரம்பை 48 மாதத்தில் இருந்து 36 ஆகக் குறைத்தது. 2018-லேயே எடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது ஒரு ஆறுதல். கம்பெனி விற்கும் டாப்-அப் (கூடுதல் காப்பீடு) வேண்டாம் என்று விட்டுவிட்டோம், அதுவும் வேலையோடு போய்விடும் என்பதால்.

கேஷ்லெஸ் வேகம் பற்றிக் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. போன வருடம் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒப்புதல் சீக்கிரமே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி பில்லை அனுப்பத்தான் மத்தியானம் ஆயிற்று. காலை 9 மணிக்கே டாக்டர் போகலாம் என்றார்; நாங்கள் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

இந்த ஏப்ரல் புதுப்பித்தலில் என் கம்பெனி பெற்றோர் பிரீமியத்தை ஏற்றி, 10 சதவீத கோ-பேயும் புதிதாகச் சேர்த்திருக்கிறது. அவருடைய புதுக் கம்பெனியில் கோ-பே 15, அறை வாடகை வரம்பு 8,000. நேற்று ராத்திரி அத்தையின் பழைய மூட்டு பில்லை எடுத்து, இரண்டு பாலிசியிலும் போட்டுப் பார்த்தோம். இன்னமும் என் கார்டுதான் கொஞ்சம் முன்னால் நிற்கிறது.