ஊர்ச் சத்தமெல்லாம் கனடாவுக்குக் கேட்கும், என் குரல் மட்டும் கேட்காது: 4ஜி ரவுட்டரும் கூரை அன்ரெனாவும், எட்டு மாத அனுபவம்

நான் படுவான்கரைக்காரி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வெல்லாவெளிப் பக்கம் எங்கள் ஊர். ஊரின் பெயர் வேண்டாம், சொன்னால் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் மாமா நாளைக்கே வீட்டு வாசலில் நிற்பார். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு ஸூமில் தமிழ் படிப்பிப்பதுதான் என் தொழில். சனிக்கிழமை லண்டன் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை டொரொண்டோ பிள்ளைகள். அதனால் இணைப்பு என்பது எனக்குப் படம் பார்க்கிற விஷயம் இல்லை, சோற்று விஷயம்.

வாங்கியது மூன்று சாமான். 4ஜி வீட்டு ரவுட்டர், சிம்மோடு 9,800 ரூபாய். கூரைக்கு மேலே பூட்டுகிற அன்ரெனா, கேபிளோடு 7,000. கரண்ட் போனால் ரவுட்டரைத் தாங்குகிற சின்ன யூபிஎஸ், 5,500. எல்லாம் களுவாஞ்சிக்குடியில் வாங்கியவை. கம்பனி எது என்று எழுதவில்லை. மற்றக் கம்பனி சிம்களையும் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், எங்கள் வளவுக்குள் எல்லாம் ஒரே கதைதான்.

முன்பு வீட்டில் போன் இருந்த இடம் கிணற்றடி வேப்பமரத்து ஆணி. அங்கே தொங்கினால்தான் ஒரு கோடாவது வரும். அவசரமாகப் பேச வேண்டும் என்றால் குளக்கட்டுக்கு ஓட வேண்டும். 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது ஊர்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வந்த பாடங்களை அந்தக் குளக்கட்டில் குந்தியிருந்துதான் இறக்கினார்கள். ஆனால் லண்டன் பிள்ளைக்கு ஒன்றரை மணித்தியாலம் குளக்கட்டில் நின்று 'ழ'கரம் படிப்பிக்க ஏலாது. மாடு வரும், பொழுதுபட்டால் யானையும் வரும்.

இனி சத்தம். வெளியூர் ஆட்கள் கிராமம் என்றால் அமைதி என்று நினைக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை என் வகுப்பில் வந்து இருந்து பாருங்கள். லண்டன் காலை பத்து மணி, கோடையில் எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை. பக்கத்து நெல்லு மில் பகல் சாப்பாடு முடிந்து திரும்பத் தொடங்குகிற நேரம். மில்லின் சத்தம் காதால் வருவதில்லை, கதிரைக் காலால் ஏறி வரும். மூன்று மணிக்குள் எப்படியும் ஒரு லேண்ட்மாஸ்டர், கையால் பிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு மெஷின், போகும். அறுவடைக் காலம் என்றால் வெட்டு மெஷின். சில நாள் லொத்தர் விற்கிற வாகனம், சில நாள் மரண அறிவித்தல் ஓட்டோ. அதற்கு மட்டும் நானே மைக்கை நிறுத்திவிட்டு, யார் வீடு என்று காது கொடுப்பேன்.

நாலு மணிக்குப் பாண், அதாவது ரொட்டி, விற்கிற ஓட்டோ. அதன் மெட்டு இலங்கையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் அது எங்கள் வேலிக்கு வெளியே நின்று கொண்டு, சில்லறை மாற்றுகிற வரைக்கும் திருப்பித் திருப்பி அடித்தது. லண்டனில் இருக்கிற ஒன்பது வயதுப் பொடியன் ஒருவன் கண்ணை விரித்து, "மிஸ், இது நான் பியானோ வகுப்பில வாசிக்கிற பாட்டு!" என்றான். அன்றைக்குப் பாடம் அதோடு சரி. பாண் விற்க எதற்குப் பாட்டு என்று அரை மணித்தியாலம் விளக்கினேன்.

ஞாயிறு இன்னும் மோசம். டொரொண்டோ காலை ஒன்பது என்றால் கோடையில் எங்களுக்குப் பின்னேரம் ஆறரை. கோயில் குழாய் ஸ்பீக்கர் ஆறு மணிக்கே தொடங்கிவிடும். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தால் சடங்கு முடிகிற வரைக்கும் ஒவ்வொரு இரவும் விடிய விடியத்தான். சடங்கு முடிகிற குளிர்த்தி அன்று வகுப்பே வைப்பதில்லை, நானும் போய்விடுவேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சடங்கு முடிந்து ஒரு மாதம் கழித்தும் அதே ஸ்பீக்கர் அதே பனையில் எங்கள் வீட்டைப் பார்த்தபடி ஏன் இருக்க வேண்டும்? இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007இலேயே உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, விசேட சமய நாட்களுக்குத்தான் விலக்கு. இதை வண்ணக்கர் மாமாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அது கொழும்புக்குச் சொன்னது புள்ள" என்றார். இதே படுவான்கரையில், மண்டூர் முருகனுக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு ஸ்பீக்கர் வயருக்கு வராதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

சரி, சாமானுக்கு வருகிறேன்.

ரவுட்டரை மேசையில் வைத்தவுடன் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழைக்குப் பறை மாதிரி அடிக்கும், சிக்னலையும் உள்ளே விடாது. லப்டொப்பில் 192.168.8.1 என்று அடித்தால் ரவுட்டரின் உட்பக்கம் திறக்கும். அதில் பார்க்க வேண்டியது இரண்டு எண். ஆர்எஸ்ஆர்பி சிக்னலின் பலம், எப்போதும் மைனஸில் நிற்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. மைனஸ் 90 என்றால் சந்தோசம். என் மேசையில் மைனஸ் 118. மற்றது எஸ்ஐஎன்ஆர், அதாவது வருகிற அலையில் நமக்கு உரியது எவ்வளவு, இடையூறும் இரைச்சலும் எவ்வளவு என்ற கணக்கு. அது எனக்குப் பூச்சியத்துக்கும் கீழே நின்றது. இந்த ஊரில் காற்றுக்குள்ளேயும் இரைச்சல்தான் என்று அன்றைக்குத் தெரிந்து கொண்டேன்.

அன்ரெனா பூட்டிய நாளைச் சொல்லாமல் விட ஏலாது. இது ஒரு திசையை மட்டும் பார்க்கிற வகை, முகத்தை டவருக்கு நேரே திருப்ப வேண்டும், கொஞ்சம் கிறுகினாலும் எண் மாறும். சித்தியின் மகன் பைப்பைப் பிடித்துக்கொண்டு கூரையில். நான் உள்ளே லப்டொப்புக்கு முன்னால். அவன் மெல்லத் திருப்ப வேண்டும், நான் எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் திட்டம். மில் ஓடிக்கொண்டிருப்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

"நூற்றிப் பதினொண்டு!" என்று கத்துகிறேன். "என்னக்கா? கேக்கல்ல!" என்று மேலிருந்து வருகிறது, அதுவும் பாதிதான். போனில் சொல்லலாம் என்றால் சிக்னல் இல்லை. சிக்னல் இருந்தால் கூரையில் ஏன் ஏறுகிறோம்? கடைசியில் அம்மா முற்றத்தில் நடுவராக நின்றா. நான் ஜன்னலால் அம்மாவுக்குச் சொல்ல, அம்மா கையைக் காட்டி அவனுக்குச் சொல்ல வேண்டும். எண் குறைந்தால் நல்லது என்று சொல்லியிருந்தேன். நூற்றி ஒன்பது, நூற்றி ஐந்து என்று வரும்போது அம்மாவின் முகம் வாடிக்கொண்டே போனது. "என்ன புள்ள, குறைஞ்சு குறைஞ்சு போகுது, மறுகா ஒண்டும் இல்லாமப் போயிடுமே" என்று, நல்ல திசைக்கு வந்த அன்ரெனாவை அவவே பழைய பக்கத்துக்குத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டா. தம்பியும் திருப்பிவிட்டான். பிறகு மில் நின்றது. ஊரில் ஒரு சத்தம் இல்லை. ஐந்தே நிமிடத்தில் மைனஸ் 101க்குக் கொண்டு வந்து ஆணியை இறுக்கினோம். எஸ்ஐஎன்ஆர் ஒன்பது. அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினா.

மைனஸ் 118க்கும் 101க்கும் இடையில் பதினேழு படிதானே என்று நினைக்கக் கூடாது. இந்த அளவில் மூன்று படி ஏறினாலே பலம் இரட்டிப்பு. அதனால் அன்ரெனாவில் எனக்கு முழுத் திருப்தி. கொடுத்த 7,000க்கும் வேலை செய்கிறது.

கோபம் இணைப்பில்தான். சாமம் ஒரு மணிக்கு வேகத்தை அளந்தால் 17 எம்பிபிஎஸ் வரும். பின்னேரம் ஏழு மணிக்கு அதே ரவுட்டர், அதே திசை, அதே மைனஸ் 101. வருவது ஒன்று, ஒன்றரை. நான் அனுப்புகிற பக்கம் அதிலும் கேவலம். சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் ஒரே டவரைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. வேலை முடிந்து வந்து எல்லாரும் போனைத் திறந்தால் இருப்பதைப் பங்கு போட வேண்டியதுதான். அன்ரெனா என் வாசலைத்தான் அகலமாக்கும், தெருவில் நெரிசல் என்றால் அது என்ன செய்யும்?

படம் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் சுற்றிச் சுற்றியாவது வந்து சேரும். படிப்பிக்கிறவள் அனுப்பவும் வேண்டும். 'வாழைப்பழம்' என்று நான் நாக்கை மடித்துச் சொல்கிறேன், டொரொண்டோவில் "வா... பம்" என்று இறங்குகிறது. பிள்ளைகள் ஒன்றாக, "வாபம்!" இப்போது ஞாயிறு வகுப்பில் என் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விடுகிறேன். குரலுக்கு மணித்தியாலத்துக்கு 50 எம்பி கூட ஆகாது, டேட்டாவும் மிச்சம். ஸூமில் இரைச்சலைக் குறைக்கிற வசதி இருக்கிறது, அதை உச்சத்தில் வைத்தேன். மில்லை நன்றாக விழுங்கிற்று, கூடவே என் வசனத்தின் கடைசி எழுத்துக்களையும். நடுவில் வைத்திருப்பதுதான் நல்லம்.

கம்பனியின் உதவி இலக்கத்துக்கு இதுவரை ஆறு தரம் எடுத்துவிட்டேன். தமிழுக்கு இலக்கத்தை அழுத்தி, பாட்டுக் கேட்டு, ஆள் வர இருபது நிமிடம். வந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, வரைபடத்தில உங்கட இடம் கவரேஜ் உள்ள பகுதி எண்டுதான் காட்டுது" என்றார். வரைபடம் குளத்துக்கும் வயலுக்கும் சேர்த்து ஒரே நிறம்தான் அடிக்கும். ஆறாவது தரம் எடுத்தபோது, குளக்கட்டில் நின்று பேசியதால் அவருக்கு என் குரல் தெளிவாகக் கேட்டிருக்கிறது. "இப்ப லைன் நல்லா இருக்குதானே அக்கா" என்று முறைப்பாட்டை முடித்துவிட்டார்.

பக்கேஜிலும் ஒரு தந்திரம். மாத டேட்டாவில் பெரிய பங்கு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கிற டேட்டா. வாங்கும்போது மொத்தத்தைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள், பகல் பங்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுப்பாடக் காணொளிகளை நான் சாமத்தில்தான் ஏற்றுகிறேன். அந்த நேரம் மில் இல்லை, பாண் இல்லை, நாய்கள் மட்டும். இடைக்கிடை வயல் பக்கம் யானை வெடி.

யூபிஎஸ்ஸைப் பற்றி ஒரு சொல். சாமான் நல்லது, ரவுட்டரை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாங்குகிறது. ஆனால் கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரி விழுந்துவிடும், பிறகு ரவுட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா உயிரோடு இருக்கும். முதல்முறை கரண்ட் போனபோது மில் அடங்கி ஊர் அமைதியான சந்தோசத்தில் வகுப்பைத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் லைன் போயிற்று. அதற்குள் கோயிலில் ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு. கோயிலில் உடுக்கு அடிக்கிற சத்தம் என் மைக்கில் போயிருக்கிறது. டொரொண்டோப் பிள்ளை ஒருத்தியின் அம்மம்மா, குசினியில் நின்றவர், கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். "மகள், அது எந்தக் கோயில் உடுக்கு?" நான் வாயைத் திறக்க முதல் லைன் அறுந்தது. அடுத்த கிழமை ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் பக்கத்துப் பழுகாமத்து ஆளாம். எங்கள் ஊர் ஆட்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி விசாரித்ததில் அன்றும் இருபது நிமிடப் பாடம் போயிற்று.

முழுச் சிக்னலும் அமைதியும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது, மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் போகிற பாதை, அதாவது வாவியைக் கடக்கிற மிதவை, அதில் பாதி வழி. வாவிக்கு நடுவில் மரமும் இல்லை, கூரையும் இல்லை, கிழக்கே எழுவான்கரை டவர்கள் நேரே பார்க்கும். அந்தச் சில நிமிடத்துக்குள் இரண்டு நாள் மெசேஜ் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டும். பாதையில் வருகிற எல்லாரும் அந்த இடத்தில் குனிந்துதான் இருப்பார்கள். பாடும் மீனைக் கேட்க ஆட்கள் காது வைத்த வாவி இது.

செய்மதி இணையம் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது, அதை வாங்கலாமே என்று லண்டனில் இருந்து சொல்கிறார்கள். தட்டுக்கும் மாதக் காசுக்கும் நான் இன்னும் எத்தனை 'ழ' படிப்பிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

புள்ளி போடச் சொன்னால், அன்ரெனாவுக்கு ஐந்தில் நாலு, ரவுட்டருக்கு மூன்று, யூபிஎஸ்ஸுக்கு மூன்றரை, இணைப்புக்கு ஒன்று. அந்த ஒன்றும் சாமத்துக்கு. மற்ற நேரத்துக்குப் பூச்சியம்.

வாங்குகிறவர்கள் கேபிளை நீளமாக வாங்காதீர்கள். மலிவு விலை மெல்லிய கேபிள் பத்து மீட்டர் ஓடினால் அன்ரெனா பிடித்ததில் பெரும் பங்கை வழியிலேயே தின்றுவிடும். பைப்புக்கு நேர் கீழே ரவுட்டரை வையுங்கள், அங்கிருந்து வைஃபை வரட்டும். கேபிள் முனைகளுக்கு மாரிக்கு முன்பே ரப்பர் டேப் சுற்றிவிடுங்கள், நான் சுற்றாமல் ஒரு முனை பச்சை பிடித்தது. ஐப்பசி இடி முழங்கத் தொடங்கினால் கேபிளைக் கழற்றி வைப்பதுதான் புத்தி. வாங்க முதல் இரவு ஏழு மணிக்கு, பகலில் இல்லை, உங்கள் வளவில் நின்று அந்தக் கம்பனி சிம்மை அளந்து பாருங்கள். பூட்டுகிற நாளில் மில்காரரிடம் ஒரு மணித்தியாலம் நிறுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று எங்கள் மில்காரர் பிறகுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. கூரைக்கு ஏறுகிற தம்பிக்கு 1,500 ரூபாய், பகல் சாப்பாடு வேறு.