தேசியக் குடும்ப நல ஆய்வின் தகவல் தாள்: எண்களைவிட அடிக்குறிப்பு நேர்மையானது

மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019–21) முக்கிய எண்களைச் சுருக்கித் தரும் தகவல் தாள்கள், நாடு, மாநிலம், மாவட்டம் என்று தனித்தனி பி.டி.எஃப். கோப்புகளாக இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கொள்கை விவாதங்களில் புள்ளிவிவரத்தை நீட்டிப் பேசுவோரை எளிதில் நம்பாத நான், 'இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்' என்று 2021 நவம்பரில் செய்திகள் வந்தபோதுதான் நாட்டுக்கான தாளை முதன்முதலாகத் திறந்தேன்.

1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்ற எண் மூன்றாம் வரியில் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆய்வுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் பிறந்தவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 929 பெண் குழந்தைகளே என்பது அதற்கடுத்த வரியிலேயே இருந்தும், அன்று நான் பார்த்த தலைப்புகள் எதிலும் அது இடம்பெறவில்லை. இது வீடுவீடாகச் சென்று எடுக்கப்படும் மாதிரி ஆய்வு. முந்தைய இரவு வீட்டில் தங்கியவர்களையே கணக்கில் கொள்வதால், படைமுகாமிலும் விடுதியிலும் கட்டுமானத் தளத்திலும் படுத்துறங்கும் ஆண்கள் விடுபட்டுப்போக வாய்ப்புண்டு. எல்லோரையும் எண்ணிய 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,000 ஆண்களுக்கு 943 பெண்கள்தான்.

மாவட்டத் தாளில் இன்னும் கவனம் வேண்டும். 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் வீடுகள் என்றால், மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடுகள். அவற்றில் 5 ஆண்டுப் பிறப்புகள் சில நூறுதான் தேறும். 300 பிறப்புகளில் 156 ஆண், 144 பெண் என்றால் விகிதம் 923. ஆறே குழந்தைகள் மாறிப் பிறந்திருந்தால் அது 1,000 ஆகிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பி ஓர் ஆட்சியரைப் பாராட்டுவதும் கண்டிப்பதும் எனக்குச் சீட்டுக் குலுக்கலாகவே படுகிறது.

தயாரித்தவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்ட எண்ணை அடைப்புக்குறிக்குள் இடுகிறார்கள்; 25க்கும் குறைவென்றால் எண்ணையே தராமல் நட்சத்திரக் குறி வைக்கிறார்கள்; இதை அடிக்குறிப்பில் சொல்லியும் விடுகிறார்கள். மேடையேறுவோரிடம் இந்த அடக்கத்தை நான் கண்டதில்லை. எனினும், முழு அறிக்கையின் பின்னிணைப்பில் கிடக்கும் மாதிரிப் பிழை (எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் எண்ணில் வரக்கூடிய பிசகு) விவரம் தகவல் தாளில் இல்லாதது பெருங்குறையே. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். பிழை வரம்பை ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்திலேயே அச்சிட்டால் நான்கரை.