ஹோம் ஸ்டுடியோ பேக்கேஜ் வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

"வீட்டிலேயே ஸ்டுடியோ, மைக்ல இருந்து சவுண்ட்ப்ரூஃப் வரைக்கும் எல்லாம் நாங்களே பண்ணித் தர்றோம்"னு இன்ஸ்டாவுல ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கிற கூட்டம் சென்னையில இப்ப நல்லாவே வளர்ந்திருக்கு. நாங்க மாட்டின கடையோட பேரை இங்க போடல, புகார் ஓடிட்டு இருக்கு. ஆனா அவங்க எப்படி பண்றாங்கங்கறதை அப்படியே எழுதறேன், ஏன்னா விசாரிச்சுப் பார்த்தா இதே பாட்டைப் பாடுற இடம் இன்னும் இருக்கு. அவங்க வியாபாரமே இதுதான்: ரெக்கார்டிங்ல இரைச்சல் வருதுன்னு நீங்க சொல்ற ஒவ்வொரு கம்ப்ளைன்ட்டும் அவங்களுக்கு அடுத்த பில்.

எங்க அக்கா வீணை டீச்சர். வெளிநாட்டுல இருக்கற ஸ்டூடன்ட்ஸுக்கு பாடத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும், அப்படியே அவளோட சில கீர்த்தனைகளையும் ஒழுங்கா பதிவு பண்ணி வைக்கணும், இதுதான் தேவை. வீணைங்கறது சத்தம் கம்மியான வாத்தியம். மீட்டினதுக்கப்புறம் கார்வை மெல்ல மெல்ல அடங்கும், அந்த அடங்கற இடத்துலதான் கம்பியை இழுத்து கமகம் வாசிப்பாங்க, அங்க போய் பின்னாடி "ஸ்ஸ்ஸ்"னு ஒரு இரைச்சல் ஓடுச்சுன்னா எல்லாம் போச்சு. இதை முதல் போன்லயே தெளிவா சொன்னோம், பாட்டு இல்ல சார், வீணைன்னு. "ப்ரோ, எதுவா இருந்தாலும் இந்த ஒரே பேக்கேஜ் போதும்"னார் கடைக்காரர்.

பேக்கேஜ் 14,500 ரூபா. லார்ஜ் டயாஃப்ரம், அதாவது சத்தத்தை வாங்கற சவ்வு பெருசா இருக்கற ஸ்டுடியோ கண்டென்சர்னு சொல்லி (கண்டென்சர்னா கரண்ட் கொடுத்தாத்தான் வேலை செய்யற வகை) பேரே கேள்விப்படாத ஒரு மைக், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், மைக்கை லேப்டாப்போட சேர்க்கற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன். மாட்டி ரெக்கார்ட் போட்டா வீணைக்குப் பின்னாடி மழை பெய்யற மாதிரி இரைச்சல். போன் பண்ணினா, "ரூம் நாய்ஸ் ப்ரோ அது, கண்டென்சர் ரொம்ப சென்சிட்டிவ், ரூம் ட்ரீட்மென்ட் பண்ணாம கண்டென்சர் யூஸ் பண்ணவே கூடாது"ன்னார். விக்கும்போது இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

மறுநாளே ஆள் வந்து சுவர் பூரா கருப்பும் சிவப்புமா பிரமிட் ஃபோம் ஒட்டிட்டுப் போனாங்க. 9,000 ரூபா. ஒட்டின பசை நாத்தம் அடங்கவே நாளாச்சு. அதுக்கப்புறமும் மெயின் ரோட்டுல எம்டிசி பஸ் ஹார்ன் அடிச்சா அப்படியே உள்ள வருது, மேல் வீட்டு மோட்டார் ஓடினா வருது, அந்த "ஸ்ஸ்ஸ்" மட்டும் ஒரு துளி குறையல. இதையும் சொன்னேன். "ஃபேன்டம் பவர் பத்தல ப்ரோ"ன்னு சொல்லி 1,500 ரூபாய்க்கு ஒரு டப்பா. இன்டர்ஃபேஸ் முன்பக்கமே 48 வோல்ட்னு எழுதி ஒரு பட்டன் இருக்கு, அழுத்தினா சிவப்பு லைட் எரியும், அதான் ஃபேன்டம் பவர், கேபிள் வழியா மைக்குக்குப் போற கரண்ட், வேற டப்பாவே தேவையில்ல! டப்பா மாட்டியும் இரைச்சல் குறையாததால, "அப்போ நீங்க டைனமிக்குக்குப் போயிடுங்க, டைனமிக் ரூம் நாய்ஸ் பிடிக்காது, ஷூர் எஸ்எம்58 இருக்கு, உங்களுக்காக டீலர் ரேட்"னு 3,200 ரூபாய்க்கு ஒண்ணு (டைனமிக்னா கரண்ட் தேவைப்படாத வகை மைக்). கடைசியா 1,000 ரூபாய்க்கு நாய்ஸ் ரிமூவல் ப்ளகின் (இரைச்சலை எடுக்கற சாஃப்ட்வேர்), க்ராக் பண்ண வெர்ஷன், அதை லேப்டாப்ல போட்டதுல இருந்து ஆன்டிவைரஸ் கத்திட்டே இருக்கு.

இனி எது எது பொய்னு சொல்றேன். அக்காவோட ஸ்டூடன்ட் ஒருத்தரோட அப்பா சபா கச்சேரிகளுக்கு சவுண்ட் பண்றவர். ஒரு சாயங்காலம் பொண்ணைக் கூப்பிட வந்தவர் சுவரைப் பார்த்துட்டு, "என்ன டீச்சர், யார் இதைப் பண்ணினது?"ன்னார். கதையைக் கேட்டுட்டு அவர் பண்ண முதல் வேலை, அந்தக் கண்டென்சர் மைக்கை அக்காவோட ஸ்டீல் பீரோவுல பட்டுப்புடவை அடுக்குக்கு நடுவுல சொருகி, கேபிள் அளவுக்கு மட்டும் கதவை விட்டு சாத்தி, அதே கெயின்ல (மைக் சத்தத்தை ஏத்தற அளவு) ரெக்கார்ட் போட்டார். பஸ் சத்தம் பாதிக்கு மேல காணோம். "ஸ்ஸ்ஸ்" அப்படியே இருக்கு. "தம்பி, இது ரூம்ல இருந்து வரல, மைக்கே போடற சத்தம்"னார். ரூம் நாய்ஸா மைக் நாய்ஸான்னு தெரிஞ்சுக்க இதைவிட சிம்பிள் டெஸ்ட் கிடையாது, செலவும் கிடையாது, ஃபோம் ஒட்டறதுக்கு முன்னாடி கடைக்காரர் இதைப் பண்ணியிருக்கணும். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒவ்வொரு கண்டென்சர் மைக்குக்கும் செல்ஃப் நாய்ஸ்னு ஒரு நம்பர் இருக்கு, மைக் தானா போடற இரைச்சல் எவ்வளவுன்னு, எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5 டெசிபல்னு போட்டிருப்பாங்க, ஆடியோ டெக்னிகா ஏடி2020க்கு 20 டெசிபல். பாடறதுக்கு 20 போதும், வாய்க்குப் பக்கத்துல மைக் இருக்கும், குரல் பெருசு. வீணைக்கு இந்த வித்தியாசம் காதுல கேக்கும். எங்களுக்குக் கொடுத்த மைக் பெட்டியில இந்த நம்பரே இல்ல. வலையைக் கழட்டிப் பார்த்தா பெரிய பிளாஸ்டிக் வளையம், அதுக்கு நடுவுல சட்டை பட்டன் சைஸ்ல ஒரு எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல் (சத்தத்தை வாங்கற பாகம்). லார்ஜ் டயாஃப்ரம்னா பொதுவா ஒரு இஞ்ச், 25 மில்லிமீட்டர் இருக்கணும். வெளியில உடம்பு மட்டும் பெருசு.

அடுத்தது எஸ்எம்58. பெட்டியைப் பார்த்தா அசல் மாதிரியே இருக்கு, பை, கிளிப், பேப்பர் எல்லாம் உண்டு. ஆனா பெட்டி மேல எஸ்எம்58-எல்சின்னு போட்டிருக்கு, உள்ள இருக்கற மைக்ல ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்கு. எல்சி மாடல்ல சுவிட்சே வராது, சுவிட்ச் வச்சது எஸ்எம்58எஸ்னு தனி மாடல். இதைப் பார்த்ததுமே அந்த சவுண்ட் பண்றவர் சிரிச்சிட்டார். கிச்சன் தராசுல வச்சோம், அசல் 298 கிராம் இருக்கணும், இது அதுக்கு ரொம்பக் கீழ. நடுவுல திருகித் திறந்தா அசல்ல கைப்பிடிக்குள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், இதுல ரெண்டு வயர் நேரா பின்னுக்குப் போகுது, அவ்வளவுதான். 1966ல இருந்து மார்க்கெட்ல இருக்கற மைக், உலகம் பூரா போலி அடிக்கிறாங்க, எடை சரியா வர்ற போலியும் இருக்காம், அதனால தராசை மட்டும் நம்பாதீங்க. விலையைப் பாருங்க. அசல் 3,200க்கு வரவே வராது.

சரி, அசலே கொடுத்திருந்தாலும் வீணைக்கு அது சரிவராது, அதுதான் இன்னும் கடுப்பு. எஸ்எம்58 ஒரு பாஸ்கல் (ஒலி அழுத்தத்தோட அளவு) சத்தத்துக்கு சுமார் 1.85 மில்லிவோல்ட் கொடுக்கும், ஏடி2020 அதே சத்தத்துக்கு 14 மில்லிவோல்ட் கொடுக்கும். கிட்டத்தட்ட 17, 18 டெசிபல் வித்தியாசம், அதை இன்டர்ஃபேஸுக்குள்ள இருக்கற ப்ரீஆம்ப்ல (மைக் சிக்னலைப் பெருசாக்கற பாகம்) கெயின் ஏத்தித்தான் ஈடு கட்டணும், சின்ன இன்டர்ஃபேஸ்ல அவ்வளவு ஏத்தினா ப்ரீஆம்ப்பே "ஸ்ஸ்ஸ்"ங்கும். பிரச்னை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாறும், தீராது. "டைனமிக் ரூம் நாய்ஸ் பிடிக்காது"ங்கறதும் முழுப் பொய். டைனமிக் மைக்கை வாயோட ஒட்டி வச்சுப் பாடறாங்க, அதனால ரூம் கம்மியா கேக்குது. ரெண்டு கார்டியாய்ட் மைக்கை (முன்பக்கச் சத்தத்தைத்தான் நல்லா வாங்கற வகை) ஒரே தூரத்துல வச்சு, ஒரே லெவலுக்குக் கொண்டுவந்து கேட்டுப் பாருங்க, பஸ் ஹார்ன் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருக்கும்.

ஃபோம் விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நிறைய பேர் ஏமாறாங்க. ரூமுக்குள்ள எதிரொலியைக் குறைக்கிறது ஒரு வேலை, வெளிச் சத்தத்தைத் தடுக்கறது வேற வேலை. ஒரு இஞ்ச் ஃபோம் முதல் வேலையையே அரைகுறையாத்தான் பண்ணும், மேல் ஸ்தாயி எதிரொலியை மட்டும் உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் 3.4 மீட்டர், அதுக்கு ஒரு இஞ்ச் ஃபோம் என்ன பண்ணும், தாண்டிப் போயிட்டே இருக்கும். ரெண்டாவது வேலையை அது பண்ணவே பண்ணாது. வெளிச் சத்தத்தைத் தடுக்க கனம் வேணும், காத்து புகாத அடைப்பு வேணும். எங்க வீட்டு ஸ்லைடிங் ஜன்னல்ல விரல் நுழையற இடுக்கு இருந்துச்சு, பஸ் சத்தம் அது வழியா வந்துட்டு இருந்துச்சு, அங்க ரப்பர் பட்டை ஒட்டினதும் சத்தம் குறைஞ்ச அளவு அந்த 9,000 ரூபா ஃபோமைவிட ஜாஸ்தி. முட்டை அட்டை ஒட்டினா சவுண்ட்ப்ரூஃப் ஆகும்னு இன்னமும் சொல்றவங்களுக்கும் இதே பதில்தான்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்றதே இல்ல. அந்த ஃபோம் பாலியூரித்தேன். அக்கா பாடம் எடுக்கற அதே ரூம்லதான் சாமி அலமாரி, தினமும் விளக்கு ஏத்துவா, ஊதுபத்தி வைப்பா, அதுக்கு ரெண்டு பக்கமும் ஃபோம் ஒட்டிட்டுப் போயிருக்கான். 2003ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு நைட் கிளப்ல மேடையைச் சுத்தி இந்த வகை ஃபோம்தான் ஒட்டியிருந்தாங்க, வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் செத்தாங்க. ஃபயர் ரேட்டிங் இருக்கான்னு கேட்டேன், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ப்ரோ". சாமி அலமாரி பக்கத்துல இருந்ததை அன்னிக்கே பிச்சு எறிஞ்சோம்.

இரைச்சலோட கூடவே ஒரு "ஹ்ம்ம்ம்" வேற இருந்துச்சு. அது கரண்ட். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எர்த் சரியில்லாத இடத்துல அதுவும் அதோட மடங்குகளும் ரெக்கார்டிங்ல ஏறி உக்காந்துக்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் முக்கால்வாசி போயிடுச்சு. மிச்சம் ஃபேன் ரெகுலேட்டர், ஃபேனை ஃபுல் ஸ்பீடுல வச்சா இல்ல, ரெண்டுல வச்சா "கிர்ர்"னுது. ரெக்கார்ட் பண்ற நேரம் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வேர்க்க வேண்டியதுதான். கரண்ட் போய் இன்வர்ட்டர்ல ஓடும்போது ரெக்கார்ட் பண்ணவே பண்ணாதீங்க, சாதா இன்வர்ட்டரோட ஸ்கொயர் வேவ் கரண்ட் எல்லாத்துலயும் இரைச்சல் ஏத்தும். இதுல எதுக்கும் பைசா செலவில்ல.

அந்த நாய்ஸ் ரிமூவல் ப்ளகின் பண்ண கூத்தையும் சொல்லணும். அக்கா பக்கத்துல தம்புரா ஆப் ஓடும். இந்த மாதிரி சாஃப்ட்வேருக்கு மாறாம ஒரே மாதிரி ஓடற சத்தம்னாலே நாய்ஸ். சுருதியை முழுசா சாப்பிட்டுடுச்சு! வீணையோட கார்வையும் வால் அறுந்த மாதிரி பாதியில நிக்குது, நடுநடுவுல தண்ணிக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி ஒரு குளறல். அக்கா கேட்டுட்டு "டேய், இது நான் வாசிச்சதே இல்ல"ன்னா. இப்ப தம்புராவை ஹெட்போன்ல மட்டும் கேட்டு வாசிக்கிறா, அதைத் தனி ட்ராக்கா அப்புறம் சேர்த்துக்கறோம். இரைச்சல் இன்னும் கொஞ்சம் இருந்தா பேசாம விட்டுடறது மேல், தூக்கிப் போடறேன்னு போனா வாத்தியத்தையும் சேர்த்துத் தூக்கிடுது.

இப்ப செல்ஃப் நாய்ஸ் கம்மியான ஒரு மைக்கை செகண்ட் ஹேண்டுல, நேர்ல போய் டெஸ்ட் பண்ணி வாங்கினோம். வீணைக் குடத்தோட மேல் பலகைல இருந்து ஒரு ஒண்ணேகால் அடி, குதிரைக்கும் (கம்பியைத் தாங்கற பாலம்) கடைசி மெட்டுக்கும் (விரல் வச்சு அழுத்தற கட்டை) நடுவுல பார்க்கற மாதிரி, மைக்கோட முதுகு ஜன்னல் பக்கம். கார்டியாய்டுக்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம். தூரத்தைப் பாதியாக்கினா வாத்தியம் சுமார் 6 டெசிபல் ஏறும், ரூம் சத்தம் அப்படியேதான் இருக்கும், அந்த ஒரு கணக்கு மொத்த பேக்கேஜைவிட உதவுச்சு. ரொம்பக் கிட்டப் போனா கீழ் ஸ்தாயி வீங்கும், மெட்டுல விரல் உரசற சத்தமும் வரும், அதைக் காதால கேட்டுத்தான் சரி பண்ணணும்.

பணம் விஷயம். அவங்க கொடுத்தது பில் இல்ல, மேல எஸ்டிமேட்னு போட்ட துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, கீழ "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது". இந்த வரியைப் பார்த்து பயந்துடாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் கொடுக்காம இருக்கறதே முறையற்ற வணிகம், பழுதான பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, காலம் எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள திரும்ப எடுத்து பணத்தைக் கொடுக்க மறுக்கறதும் அதேதான். பில் இல்லாட்டியும் யூபிஐ ஸ்க்ரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் சாட்டும் எங்களுக்கு இருந்துச்சு, "ஒரிஜினல் எஸ்எம்58 ப்ரோ"ன்னு அவரே டைப் பண்ணினது உட்பட. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல முதல்ல புகார் பதிஞ்சோம், அதுக்கு அவங்க தந்த பதில் "கிரெடிட் நோட் தர்றோம், வேற பொருள் எடுத்துக்கோங்க". அந்தக் கடையில இன்னொரு பொருளா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம், 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்ல.

மைக் பணம், ஃபோம் பணம், டப்பா பணம் எல்லாம் மனுவுல இருக்கு. போன வாரம் மிச்ச ஃபோமையும் பிச்சோம், பசையோட சேர்ந்து பெயின்ட்டும் கொஞ்சம் பட்டியும் உரிஞ்சு வந்துடுச்சு, வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் வந்து பார்த்துட்டு பெயின்ட்டிங் செலவை அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்தத் தொகையையும் போட்டோவோட மனுவுல சேர்த்திருக்கேன்.