றோட்டை விட்டு இறங்காதே: வூமெரா ஊடாக ஒரு வாடகை வாகனப் பயணம்

கிளிநொச்சியில் ஹயர் வான் ஓட்டுகிறவன் நான். பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு என்று என் ஓட்டம் பெரும்பாலும் வன்னிக்குள்தான், மிஞ்சிப் போனால் கட்டுநாயக்கா விமான நிலையம். போன ஆடியில் அடிலெய்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் நின்றேன். அப்போது அத்தான் ஒரு வாகனம் வாடகைக்கு எடுத்து, ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையில், ஒப்பல் கல் தோண்டும் கூபர் பீடி என்ற ஊர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார், பாதி வழி நானும் ஓட்டினேன். திரும்பி வந்ததிலிருந்து ஸ்டாண்டில் நிற்கும் பொடியள் கேட்கிறார்கள், பிள்ளைகளிடம் அவுஸ்திரேலியா போகவிருக்கும் இரண்டு மூன்று குடும்பமும் கேட்டார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

போகலாமா என்றால், கட்டாயம் போங்கள். வீதிக்கு முழு மதிப்பெண். வாகனம் தந்த கடைக்குப் பாதிகூடக் கொடுக்க மாட்டேன்.

முதலில் அந்தக் கடை. பெயர் எழுதவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கதைத்தது, ஆனால் சொல்ல வேண்டிய இரண்டு விஷயத்தை வாயால் சொல்லவில்லை, அவை ஒப்பந்தத் தாளில் பொடி எழுத்தில் கிடந்தன. ஒன்று, தார் போடாத வீதியில் வாகனத்தை இறக்கினால் காப்புறுதி இல்லை. மற்றது, நகரத்துக்கு வெளியே பொழுதுபட்ட பிறகு ஓடி மிருகத்தில் மோதினாலும் இல்லை. கூபர் பீடிக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் வாகனம் எடுத்தோம், அப்படிப் போகிறவனுக்கு முதலில் சொல்ல வேண்டியதே இந்த இரண்டும்தானே? பிறகு நான் வழக்கப்படி டிக்கியைத் திறந்து ஸ்பெயார் ரயரைப் பார்த்தேன். மெல்லிய, தற்காலிக ரயர். மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அடிலெய்டுக்குள் காய்கறி வாங்கப் போக அது போதும். இந்த வீதிக்குப் போதாது. முழு ரயர் வேண்டும் என்று அத்தானை விட்டுக் கேட்க வைத்தேன், முதலில் இல்லை என்றார்கள், அரை மணித்தியாலம் நின்ற பிறகு வேறொரு வாகனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் முழு ரயர் இருந்தது. அப்படியானால் முதலே தந்திருக்கலாம்.

அடிலெய்டிலிருந்து கூபர் பீடி ஏறக்குறைய 850 கிலோமீற்றர். முதல் 300 கிலோமீற்றர் போர்ட் அகஸ்டா வரைக்கும், அது சாதாரணப் பயணம், வயல், ஊர், கடை எல்லாம் வந்துகொண்டே இருக்கும். போர்ட் அகஸ்டாவில்தான் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை தொடங்குகிறது, அங்கிருந்து டார்வின் வரைக்கும் 2,700 கிலோமீற்றருக்கு மேல், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடும் எங்கள் ஏ-9 ஐ எட்டுத் தரம் நீட்டிப் போட்டால்தான் அந்த நீளம் வரும். முழுக்கத் தார் போட்டு முடித்தது 1987 இல்தானாம். இன்றைக்கு அந்தத் தாரைப் பார்த்தால் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, 110 இல் போகும்போது ஒரு குலுக்கல் இல்லை, கோடு அழியவில்லை, ஓரம் உடையவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் உள் வீதிகளில் வான் ஓட்டுகிறவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

போர்ட் அகஸ்டாவிலிருந்து பிம்பா 170 சொச்சம் கிலோமீற்றர். மண் சிவப்பாகும், மரம் குட்டையாகும், பிறகு மரமே இராது. பிம்பாவில் ஒரு பெற்றோல் செட்டும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த இடம், லொறிக்காரர்கள் நிற்பது. அங்கிருந்து ஆறு கிலோமீற்றர் உள்ளே போனால் வூமெரா கிராமம். வூமெரா என்பது ஈட்டியைத் தூரத்துக்கு எறிவதற்கு ஆதிக்குடிகள் கையில் பிடிக்கும் தடியின் பெயர். 1947 இல் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் சேர்ந்து ஏவுகணைகளைப் பரீட்சிக்க இந்த இடத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயரையே வைத்தார்கள். கிராமத்துக்குள் 1982 வரைக்கும் வெளியாட்கள் போக முடியாது, இப்போது போகலாம், காசும் இல்லை. பழைய ரொக்கெட்டுகளையும் ஏவுகணைகளையும் வெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்க்கலாம். அவுஸ்திரேலியாவின் முதல் செய்மதி 1967 நவம்பர் 29 இல் இங்கிருந்துதான் ஏறியது. ஜப்பான்காரர் சிறுகோள்களிலிருந்து எடுத்த மண்ணை 2010 இலும் 2020 இலும் இந்த வெட்டைக்குள்தான் இறக்கினார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

இதே வூமெராவில்தான் 1999 முதல் 2003 வரைக்கும் வள்ளத்தில் வந்த அகதிகளை அடைத்து வைத்த முகாமும் இருந்தது. அத்தான் அந்தத் திசையைக் கைகாட்டினார். 2009 இல் செட்டிகுளம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தவன் நான், இறங்கிப் பார்க்க மனம் வரவில்லை, வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

பிம்பாவைத் தாண்டி வடமேற்காகப் போகும்போதுதான் அந்தப் பெரிய அறிவித்தல் போர்ட் வருகிறது: நீங்கள் வூமெரா தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைகிறீர்கள், வீதியை விட்டு இறங்கக்கூடாது, அனுமதியில்லாமல் உள்ளே போனால் குற்றம். 1,22,000 சதுர கிலோமீற்றர், எங்கள் முழு இலங்கையை உள்ளே வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு தரம் அடங்கும். உலகத்தில் தரையில் இருக்கும் ஆயுதப் பரிசோதனைக் களங்களில் இதுதான் பெரியது. அதை ஊடறுத்துக்கொண்டு பொது வீதி ஓடுகிறது. வேலி இல்லை, சென்ரி இல்லை, ஒரு ஆமிக்காரனைக்கூட நான் காணவில்லை.

அந்த போர்ட்டுக்கு முன்னால் ஓரத்தில் வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். 2002 இல் ஏ-9 திறந்தபோது எனக்கு 11 வயது, அம்மாவோடு யாழ்ப்பாணம் போனேன். முகமாலையில் இரண்டு பக்கமும் நாடா கட்டி, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள், மிதிவெடி என்று எழுதியிருக்கும். அம்மா என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, றோட்டை விட்டுக் கால் வைக்கக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அன்றைக்குச் சலம் வந்தும் நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லையே இங்கே ஒரு அரசாங்கம் எழுதி நட்டிருப்பதைக் கண்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கூட வந்த மருமகள் (அக்காவின் மகள்), "மாமா, ஒன்றுமில்லை, நாங்கள் றோட்டில்தானே நிற்கிறோம்" என்றாள்.

ஆனால் முகமாலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, இந்த வீதியை நான் பாராட்டுவதும் அதற்காகத்தான். இங்கே எது மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று பயணிக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையில் போக எந்த அனுமதியும் வேண்டாம். பரிசோதனை நாட்களில் வீதிகளை மூடும் அதிகாரம் பாதுகாப்புத் துறைக்கு உண்டு, அப்படி மூடுவதென்றால் அறிவித்தல் போடுகிறார்கள், அத்தான் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு போனில் பார்த்துவிட்டுத்தான் வந்தார். முழுப் பகுதியையும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வலயம் பிரித்து வரைபடத்தில் காட்டியிருக்கிறார்கள். சிவப்பு முழுக்க இராணுவத்துக்கு. பச்சையில் சுரங்கக் கம்பனிகள் இருக்கலாம், வருடத்தில் 56 நாளுக்கு மேல் அவர்களை வெளியேறச் சொல்ல முடியாது. இது 2014 இல் சட்டமாக வந்தது. நாள் எண்ணிச் சொல்லியிருப்பதை அத்தான் வாசித்துக் காட்டியபோது நான் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். 2006 ஆகஸ்டில் ஏ-9 ஐப் பூட்டியபோது எத்தனை நாளுக்கு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? யாழ்ப்பாணத்தில் நின்றவர் அங்கேயே நின்றார், வன்னியில் நின்றவர் இங்கேயே நின்றார்.

மேற்குப் பக்கமாக ஈமு களத்தைத் தாண்டிப் போகும் ஆன் பீடெல் பாதைக்குக் கட்டாயம் அனுமதி எடுக்க வேண்டும், அது மண் பாதை, வாடகைக் காரில் நினைத்தும் பார்க்காதீர்கள்.

அந்த ஈமு களத்தைப் பற்றி மருமகள் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள், ஓடும்போது சொல்லிக்கொண்டு வந்தாள். 1953 ஒக்டோபர் 15 இல் பிரித்தானியர் அங்கே அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். வடக்கே வாலட்டினா என்ற இடத்தில் இருந்த ஆதிக்குடிச் சனத்தின் மேல் ஒரு கறுப்புப் புகார் வந்து படிந்தது. அதில் இருந்த சிறுவன் யாமி லெஸ்டர் பிற்காலத்தில் இரண்டு கண்ணும் தெரியாமல் போனார். அவர் ஓயவில்லை, தன் சனத்துக்காகப் பேசிக்கொண்டே இருந்தார், 1984 இல் அரச ஆணைக்குழு ஒன்று விசாரிக்கத் தொடங்கியதற்கு அவருடைய குரலும் ஒரு காரணம். தெற்கே மரலிங்காவில் 1956, 57 இல் இன்னும் ஏழு குண்டுகள். அந்தக் காணியின் கடைசித் துண்டு உரியவர்களிடம் திரும்பி வந்தது 2014 இல். பயணிக்கு இவ்வளவு தெளிவாக போர்ட் எழுதத் தெரிந்த அரசாங்கம், அந்த நேரம் அங்கே குடியிருந்த சனத்துக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. முழு வெட்டைக்குமாக அலைந்து திரிந்து சனத்துக்குச் சொல்ல முதலில் வைத்திருந்தது ஒரேயொரு அதிகாரியைத்தான். இதைக் கேட்டுக்கொண்டு ஓடும்போது எனக்கு எங்கள் முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவுதான் கண்ணுக்குள் நின்றது. 2017 இல் பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் இரவு பகலாக இருந்ததை வான் ஓட்டிப் போய் நேரில் பார்த்தவன் நான். வெறும் வெட்டை, ஆளே இல்லாத இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வூமெராவைச் சுற்றி நீங்கள் காணும் நிலம் கொகாதா என்ற ஆதிக்குடி மக்களுடைய நிலம்.

சரி, வீதிக்கு வருகிறேன். பிம்பாவிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவில் ஹார்ட் ஏரி, முழுக்க உப்பு. தரிப்பிடத்தில் நின்று பார்த்தால் ஆனையிறவு உப்பளத்தை நூறு மடங்கு விரித்த மாதிரி வெள்ளை, பக்கத்தால் ரயில் தண்டவாளமும் போகிறது. அக்கா புட்டும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தா, அங்கேதான் சாப்பிட்டோம். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அடுத்தது கிளென்டாம்போ. ஊர்ப் பலகையில் ஆடு 22,500, இலையான் 20 இலட்சம், மனிதர் 30 என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே கட்டாயம் பெற்றோல் அடியுங்கள், அரை டாங்க் இருந்தாலும் அடியுங்கள். இதற்கு அடுத்து கூபர் பீடி வரைக்கும் 250 கிலோமீற்றருக்கு மேல் ஒரு செட்டும் இல்லை, கடை இல்லை, வீடு இல்லை, பெரும்பாலும் போன் சிக்னலும் இல்லை. கிளிநொச்சியில் எண்ணெய் அடித்துவிட்டுக் கண்டிக்குக் கிட்டப் போகும்வரை ஒன்றுமே இல்லாமல் ஓடுவதாக நினைத்துப் பாருங்கள். இந்த நீளத்தில் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட பகுதிக்குள்தான், வாகனம் பழுதாகினால் வாகனத்தோடுதான் நிற்க வேண்டும், நடந்து உள்ளே போய் உதவி தேடக்கூடாது. நாங்கள் நாலு பேருக்கு 20 லீற்றர் தண்ணீர் கொண்டு போனோம். சில இடத்தில் தாரிலேயே ஓடுபாதைக் கோடு போட்டிருக்கிறது, ஆபத்து நேரத்தில் பறக்கும் வைத்தியர் விமானம் அந்த வீதியிலேயே இறங்குமாம். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

லொறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். றோட் ரெயின் என்பார்கள், மூன்று பெட்டி பூட்டி 53 மீற்றர் நீளத்துக்கு வரும். முந்துவதென்றால் முன்னால் ஒரு கிலோமீற்றராவது வெறுமையாகத் தெரிய வேண்டும், எங்கள் ஊரில் பஸ்ஸை முந்தும் கணக்கை அங்கே போட வேண்டாம். எதிரே வரும்போது காற்று அடித்து வாகனம் ஒரு முழம் அசையும், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். பொழுதுபட முதல் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், கங்காருவும் மாடும் வீதிக்கு ஏறும், ஏ-9 இல் இரவு படுத்திருக்கும் மாடு விலகித் தரும், கங்காரு பாய்ந்து முன்னுக்கு வரும்.

கூபர் பீடியில் நிலத்துக்குக் கீழே குடைந்த அறையில் தங்கினோம். வெளியே ஆடி மாதக் குளிர், உள்ளே போர்வை தேவைப்படவில்லை. 1915 இல் ஒரு 14 வயதுப் பொடியன் ஒப்பல் கல் கண்டெடுத்ததிலிருந்து அந்த ஊர் முழுக்கத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், குழிகள் மூடாமல் கிடக்கின்றன, பின்பக்கமாக நடக்காதே என்று அங்கேயும் பலகை. படம் எடுக்கப் பின்னால் பின்னால் போகிறவர்களுக்காக. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

திரும்பி வரும்போது கிளென்டாம்போவுக்கு முன்னால் ஒரு லொறி தெறித்த கல் முன் கண்ணாடியில் பட்டு, ஐந்து சதக் குற்றி அளவில் ஒரு வெடிப்பு. கடைக்காரர் முழுக் கண்ணாடிக்கும் காசு அறவிட்டார்கள். கண்ணாடியும் ரயரும் அடிப்படைக் காப்புறுதிக்குள் வராது என்பதையும் அப்போதுதான் சொன்னார்கள். அத்தான் எழுதிக் கேட்டிருக்கிறார், இன்னும் பதில் இல்லை. நீங்கள் எடுக்கும்போது கண்ணாடியும் ரயரும் சேருமா என்று வாய்விட்டுக் கேட்டு, சேராவிட்டால் மேலதிகமாகக் கட்டி எடுங்கள், ஸ்பெயார் ரயரைக் கையால் தொட்டுப் பாருங்கள், வாகனத்தைச் சுற்றிப் படம் பிடித்து வையுங்கள். அடுத்த முறை போனால் நான் அதே வீதியில்தான் போவேன், டார்வின் வரைக்கும் போக ஆசை. வாகனம் வேறு கடையில் எடுப்போம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன்.