சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்குக்கு டிடிரெஸ்க்யூ: கடற்கரை ஃபோட்டோக் கடைக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

கல்யாண ஃபோல்டர் ஒன்றைத் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது, நடுவே கணினி உறைந்து நிற்கிறது என்றால் ஹார்டு டிஸ்க் போகப்போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் விழுந்திருக்கும். சி5 வரியில் பூஜ்யம் அல்லாத எண் நிற்கும். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின், அதாவது தகவல் பதியும் சிறு துண்டுகளின், கணக்கு அது. இந்த நேரத்தில் பலர் செய்வது விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்டுவது. அதைவிடக் கெடுதல் வேறில்லை. செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யப் பார்க்குமே தவிர உங்கள் படங்களைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. நோயாளி டிஸ்கிலேயே எழுதவும் செய்யும்.

முதல் வேலை, டிஸ்க் முழுவதையும் இன்னொரு நல்ல டிஸ்குக்கு இமேஜாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலாக, எடுப்பது. அதற்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவுக்கு இணையான இலவச மென்பொருள் அரிது. அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004 முதல் எழுதிவருவது. பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கும் சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது, இணையம் தேவையில்லை. உபுண்டு லினக்ஸில் நிறுவினால் பேக்கேஜின் பெயர் ‘ஜிடிடிரெஸ்க்யூ’.

இதன் சாமர்த்தியம் வரிசையில் இருக்கிறது. சாதாரண காப்பி, கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். டிஸ்கைப் படிக்கும் முனையான ஹெட் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் படித்து மீதி உயிரையும் விடும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும். பிறகு கெட்ட இடங்களின் ஓரங்களைச் செதுக்கும், கடைசியாகத்தான் செக்டர் செக்டராகச் சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை ‘மேப்ஃபைல்’ என்ற சிறிய ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் பாம்பனிலோ மண்டபத்திலோ இந்த வேலை செய்பவருக்கு இதுவே பெரிய வரம்.

ஆனால் இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பென்டிரைவிலிருந்து லைவ்வாக இயங்கும் லினக்ஸில் ஹோம் ஃபோல்டர் என்பது ரேம்தான். மேப்ஃபைலை அங்கே வைத்தால் கரன்ட் போனதும் அதுவும் போச்சு. இமேஜும் மேப்ஃபைலும் டார்கெட் டிஸ்கிலேயே, அதாவது நகல் போய்ச் சேரும் டிஸ்கிலேயே, இருக்கட்டும். டார்கெட், மூல டிஸ்கைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். ஃபேட்32 ஃபார்மேட் கூடாது, 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை அது தாங்காது.

கட்டளையில் வரிசை: மூலம், இலக்கு, மேப்ஃபைல். முதல் ஓட்டத்தில், சுரண்டலைத் தள்ளிவைக்கும் ‘நோ-ஸ்கிரேப்’ ஆப்ஷன் போடுங்கள். நல்லது எல்லாம் வந்துவிடும். இரண்டாம் ஓட்டத்தில் அதை எடுத்துவிட்டு, டிஸ்கை நேரடியாகப் படிக்கும் ‘ஐடைரக்ட்’, கெட்ட இடங்களை மூன்று முறை மறுபடி முயலும் ‘ரீட்ரை-பாஸஸ்’ 3. இன்னும் இடைவெளி இருந்தால் ‘ரிவர்ஸ்’ போட்டுப் பின்னாலிருந்து படிக்க வைக்கலாம். ஆரோக்கியமான 1 டிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். கெட்டுப்போன டிஸ்கில் இது நாள்கணக்கில் இழுக்கும், பொறுமை வேண்டும்.

குறை என்றால், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். மூலமும் இலக்கும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்கள் மேல் எழுதப்பட்டுவிடும். டிஸ்கின் அளவையும் சீரியல் எண்ணையும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுவிட்டே என்டர் தட்டுங்கள். யுஎஸ்பி கேபிள் வழியாகச் செய்வதைவிட மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேராகச் செருகுவது நல்லது. பல யுஎஸ்பி அடாப்டர்கள் ஒரு கெட்ட செக்டர் வந்ததுமே தொங்கிவிடும்.

இமேஜ் வந்த பிறகு, ஃபைல்களைப் பெயரோடு மீட்கப் பார்க்கும் டெஸ்ட்டிஸ்க், படங்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் எல்லாம் அந்த இமேஜின் மேல்தான், மூல டிஸ்கைத் தொடக் கூடாது. ஃபோட்டோரெக் படங்களை மீட்டாலும் ஃபைல் பெயர், ஃபோல்டர் எதுவும் திரும்ப வராது. ஆகவே முதலில் டெஸ்ட்டிஸ்க்.

டக், டக் என்று சத்தம் வருகிறதா? டிடிரெஸ்க்யூவும் வேண்டாம். ஹெட் போயிருக்கிறது, சுழல விட்டால் தகவல் பதிந்த தட்டான பிளாட்டரைக் கீறிவிடும். டிஸ்கைத் திறக்க வசதியுள்ள ரெக்கவரி லேப்தான் வழி. கடல்நீரோ வெள்ளநீரோ புகுந்த டிஸ்குக்கும் அதே விதிதான். அரிசியில் புதைப்பது, வெயிலில் காயவைப்பது எல்லாம் உப்பைப் பிளாட்டரில் படிய வைக்கும். ஈரத்தோடு காற்றுப் புகாத பையில் போட்டு அனுப்புங்கள்.

சத்தமே இல்லை, டிஸ்க் தெரியவும் இல்லை என்றால் சர்க்யூட் போர்டின் அடியைப் பாருங்கள். நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் ஸ்க்ரூக்களைக் கழற்றி போர்டைத் திருப்பினால் ஹெட்டோடு சேரும் சிறு தொடுபுள்ளிகள் வரிசையாகத் தெரியும். உப்புக் காற்றில் அவை கறுத்துப் போயிருக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் பழைய டிஸ்குகள் சில எழுந்து உட்காரும். எழுந்தால் அடுத்த நிமிடமே இமேஜ் எடுங்கள். போர்டையே மாற்றிப் பார்க்கும் யோசனை பெரும்பாலும் பலிக்காது. அந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் இருக்கின்றன.

இத்தனையும் தேவைப்படாமல் இருக்க, புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 கணக்கு போதும்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். ‘வேறு இடம்’ என்பதை இந்தக் கடற்கரையில் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டும். கடையும் வீடும் ராமேஸ்வரம் தீவிலேயே இருந்தால் அது ஒரே இடம்தான். 2024 நவம்பர் 20 அன்று அங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மூன்றாவது பிரதி பரமக்குடியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். 300 ஜிபி கல்யாண வீடியோவை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற 67 மணி நேரம் ஆகும். பஸ்ஸில் டிஸ்க் கொண்டுபோவதே சுலபம். கிளவுடில் பில், கணக்கு, தேர்ந்தெடுத்த ஆல்பம் படங்கள் மட்டும் போதும்.

இரண்டு பிரதி எடுத்து முடிக்காமல் கேமரா கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். தானாக மிரர் செய்யும் சிங்க்கை பேக்கப் என்று நம்ப வேண்டாம், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். பேக்கப் டிஸ்கை எப்போதும் செருகியே வைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டும். கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளிக்காற்றுக்கு வந்த டிஸ்கில் நீர் கோர்க்கும். அரை மணி நேரம் விட்டுச் செருகுங்கள்.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு கணினியில் இறக்கி, ரா ஃபைல்களையும் வீடியோவையும் திறந்து பாருங்கள். ஒன்று திறக்காவிட்டாலும் அந்த டிஸ்கை ஓரங்கட்டி, மற்றப் பிரதியிலிருந்து அன்றே புதிய டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள்.