கிபிர் எல்லாம் கிபிர் இல்லை: போர் விமானத் தரவுத் தொகுப்பொன்றின் மூன்று வருடப் பாவனை

கிபிர் என்பது ஒரு இஸ்ரேலியப் போர் விமான வகையின் பெயர். ஆனால் வன்னியில் இரைந்துகொண்டு போன ஜெட் எதுவானாலும் அதற்குப் பெயர் கிபிர். மிக்-27 போனாலும் கிபிர், எவ்-7 போனாலும் கிபிர். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு போர் விமானத் தரவுகளைப் பொழுதுபோக்காகச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் இடறுவது இந்தச் சொல்லில்தான். இறக்கை நீளமும் இயந்திர வகையும் ஏதாவதொரு கையேட்டில் கிடைத்துவிடும். ஊரில் ஒருவர் அண்ணாந்து பார்த்தது எந்த விமானம் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. லிப்ரே ஒபிஸ் கல்க் என்ற விரிதாளில் தொடங்கி, பிறகு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றிய தொகுப்பு ஒன்றை மூன்று வருடம் பாவித்ததில் எது தாக்குப்பிடித்தது, எது சிக்கல் தந்தது என்பது கீழே.

விமானத்தின் பெயருக்கு ஒரே ஒரு நிரல் வைத்ததுதான் தொடக்கத்தில் நடந்த பெரிய பிழை. கண்டவர் 'கிபிர்' என்றார், பதிவு செய்தவர் அதையே வகையாக எழுதினார்; அதற்குப் பிறகு எது சாட்சி, எது ஊகம் என்று பிரிக்க வழியில்லாமல் போயிற்று. இப்போது மூன்று நிரல்கள்: சொன்ன பெயர், முடிவுசெய்த வகை, அந்த முடிவுக்கான காரணம். முதல் நிரலில் யாரும் கைவைக்கக் கூடாது. 'வண்டு' என்றால் 'வண்டு' என்றே இருக்கட்டும். ஆளில்லா வேவு விமானம் என்பது இரண்டாவது நிரலுக்குரியது. காரணம் வெறுமையாக இருந்தால் வகையும் வெறுமையாகவே விடப்படும். இந்த ஒரு விதியைப் பிடித்தால் மற்றப் பிழைகளைப் பிறகும் திருத்தலாம்.

முடிவுசெய்ய உதவும் கருவி ஒரு சின்ன ஆண்டு அட்டவணை. சியாமாசெட்டி எனப்படும் சின்ன விசிறி விமானமான எஸ்.எவ்.260 இலங்கைக்கு வந்தது 1985இல். சீன வை-8 சரக்கு விமானம் வந்தது 1987, எவ்-7 வந்தது 1991, ஆர்ஜென்ரீனாவின் புக்காரா 1993, எம்.ஐ-24 ஹெலி 1995, இஸ்ரேலின் கிபிர் 1996, உக்ரேனிலிருந்து மிக்-27 வந்தது 2000, எவ்-7 ஜீ.எஸ் 2008. பதிவிலுள்ள திகதியை இதனோடு ஒப்பிட்டால் பாதிக் குழப்பம் தீரும். 1995 யூலை 9 நவாலித் தேவாலயக் குண்டுவீச்சைப் பற்றிப் பேசும்போது ஒருவர் 'கிபிர்' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பிறகு வந்த சொல் பழைய நினைவின் மேல் ஏறிவிட்டது. அன்று கிபிர் இந்த நாட்டிலேயே இல்லை. அதேபோல 1993இல் குண்டு போட்ட ஜெட் என்றால் எவ்-7 பக்கம்தான் பார்க்க வேண்டும். 'சகடை' என்ற ஊர்ப்பெயர் இன்னும் சிக்கலானது: சிலருக்கு அது வை-8, சிலருக்கு அவ்ரோ. எத்தனை விசிறி என்று கேட்டால் பிரிந்துவிடும். வை-8க்கு நாலு, அவ்ரோவுக்கு இரண்டு.

கேள்வி கேட்கும் ஒழுங்கிலும் கவனம் வேண்டும். படத்தை முதலில் காட்டினால் கண்டவர் படத்தைத்தான் நினைவுகூர்வார். முதலில் சொல்ல விடுங்கள், பிறகு உருவத்தைக் கேளுங்கள். பெயரில்லாத மூன்று நான்கு நிழலுருவப் படங்களைக் கடைசியில் காட்டலாம். ஜெட் என்றால் வால் பக்கத்தில் கிடையாக இரண்டு சின்ன இறக்கை இருந்ததா என்ற கேள்வி நன்றாக வேலை செய்கிறது. கிபிருக்கு அது கிடையாது; முக்கோண இறக்கைக்கு முன்னால், காற்று உள்ளே போகும் வாய்க்குப் பக்கத்தில் சின்ன முன்னிறக்கை இருக்கும். எவ்-7க்கு முக்கோண இறக்கையும் உண்டு, வால் இறக்கையும் உண்டு. சியாமாசெட்டிக்கு இறக்கை நுனிகளில் எண்ணெய்த் தாங்கி தெரியும். புக்காராவுக்கு இரண்டு விசிறி, வாலின் உச்சியில் கிடை இறக்கை. இரவில் கேட்ட சின்ன விமானம் என்றால் உரிமையாளர் நிரலையும் யோசிக்க வேண்டும்: 2007 மார்ச் 26 கட்டுநாயக்காத் தாக்குதலோடு வெளிவந்த புலிகளின் சிலின்-143உம் சியாமாசெட்டியைப் போலவே தாழ்வான இறக்கையுள்ள ஒற்றை விசிறி விமானம்தான்.

சிவில் விமானங்களையும் கவனியுங்கள். 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டுக் கடலில் வீழ்ந்தது அன்ரனோவ்-24 பயணிகள் விமானம். அதன் சிதைவுகள் இரணைதீவுக் கடலில் கண்டெடுக்கப்பட்டன. பட்டியல்கள் சிலவற்றில் அது விமானப்படையின் அன்ரனோவ்-32ஓடு கலந்துவிடுகிறது. இரண்டுக்கும் இறக்கை மேலே, விசிறி இரண்டு. ஆனால் 32இன் இயந்திரங்கள் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்ததுபோல் நிற்கும். 55 பேர் போன சம்பவத்தை இராணுவ இழப்புக் கணக்கில் சேர்ப்பது வெறும் எழுத்துப்பிழை இல்லை.

இனி எண்கள். மிக்-27இன் இறக்கை நீளம் என்று ஒரே கலம் வைத்தால் எப்படியும் பிழைதான்: இறக்கையை விரித்தால் 13.97 மீற்றர், மடித்தால் 7.78. கிபிரின் வேகம் மணிக்கு 2,440 கிலோமீற்றர் என்று எழுதினால் அது 11,000 மீற்றருக்கு மேலே. கடல் மட்டத்தில் ஏறத்தாழ 1,390தான். ஆகவே வேகத்துக்குப் பக்கத்தில் உயரம் கட்டாயம். பறப்புத் தூரத்திலும் இதே கதை. குண்டில்லாமல் எண்ணெய்த் தாங்கிகளோடு மட்டும் ஒரு வழி பறக்கும் தூரமும் குண்டோடு போய்த் திரும்பும் ஆரையும் ஒரே நிரலில் வந்தால் அட்டவணை பார்க்க அழகாக இருக்கும், பயன்படாது. எஸ்.எவ்.260ஐ ஒரு வரியில் முடிக்கவும் வேண்டாம். அதில் லைகோமிங் பிஸ்ரன் இயந்திரம் உள்ளதும் உண்டு, அலிசன் ரேர்போபுரொப் இயந்திரம் உள்ளதும் உண்டு. இரண்டின் சத்தமும் வேறு.

வால் இலக்கத்தை நிரந்தர அடையாளமாக எடுப்பது இன்னொரு பொறி. விமானப்படை தன் முன்னொட்டை மாற்றியிருக்கிறது: 'சீ.ஆர்' என்று தொடங்கிய அன்ரனோவ்-32கள் பின்னர் 'எஸ்.சீ.எம்' என்று மாறின. தொழிற்சாலை இட்ட தயாரிப்பு இலக்கம் நாடு மாறினாலும் மாறாது. ஆகவே அதையே முதன்மைத் திறப்பாக, அதாவது ஒவ்வொரு விமானத்தையும் பிரித்தறியும் நிரலாக வைத்து, வால் இலக்கங்களை 'எப்போதிருந்து, எப்போதுவரை' என்ற திகதிகளோடு தனி அட்டவணையில் போடுங்கள். எஸ்கியூலைட்டுக்கு மாறியதற்கு முக்கிய காரணமே இதுதான். ஒரு விமானத்துக்கு மூன்று இலக்கம் என்பதை எக்ஸல் தாளில் வைத்தால் நிரல் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும்.

தமிழ் எழுத்துருவால் வரும் தலையிடிக்கு ஒரு முழுப் பந்தி தேவை. எங்கள் பக்கத்துப் பழைய கோப்புகளில் பெரும்பாலானவை யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் உள்ளவை. யூனிகோடு மாற்றிக்குள் ஒரு கலத்தை அப்படியே போட்டால் அது ஆங்கில எழுத்தையெல்லாம் பாமினி என்றே நினைக்கும். வால் இலக்கம் அர்த்தமில்லாத தமிழாகி வெளியே வரும். முதலில் ஆங்கில எழுத்து இலக்கங்களைத் தனி நிரலுக்கு வெட்டி எடுத்து, பிறகுதான் மீதியை மாற்ற வேண்டும். யூனிகோடுக்கு வந்த பிறகும் முடியாது. 'கொ'வில் 'க'வோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. 'ஸ்ரீலங்கா' என்பதிலும் முதல் எழுத்து 'ஸ்'ஆல் தட்டியதா 'ஶ்'ஆல் தட்டியதா என்று பார்த்தால் தெரியாது. 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று தட்டுவதும் உண்டு. பைதனில் நாலு வரியில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எவ்.சீ வடிவத்துக்கு ஒருமுறை மாற்றினால் முதல் சிக்கல் தீரும். மற்ற இரண்டுக்கும் தேடி மாற்றும் பட்டியல் வேண்டும்.

பகிரும் கோப்பு சீ.எஸ்.வி, அதாவது நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அதை யூ.ரி.எவ்-8இல் சேமிக்கும்போது தொடக்கக் குறி சேர்க்காவிட்டால், எக்ஸலில் இரட்டைச் சொடுக்கில் திறப்பவருக்குத் தமிழ் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். '10-12' போன்ற இலக்கத்தை எக்ஸல் திகதியாக மாற்றும். '0417'இன் முன் பூச்சியத்தை விழுங்கும். இரட்டைச் சொடுக்கை மறந்து, டேட்டா பகுதியிலிருந்து இறக்கி, அந்த நிரல்களை 'ரெக்ஸ்ற்' என்று குறிக்கச் சொல்லி ஒரு பக்கக் குறிப்பைக் கோப்போடு அனுப்புகிறோம். அதை வாசிப்பவர் குறைவு. திகதி எப்போதும் 2001-07-24 என்ற ஒழுங்கில். நாள் முன்னா மாதம் முன்னா என்ற சண்டையே வராது.

படங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம். அளவைக் குறைத்து, எடுத்த திகதித் தகவலையும் உரித்துவிடும். வால் இலக்கம் வாசிக்க முடியாமல் போவது அதனால்தான். 'டொக்கியூமென்ற்' என்று அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். படத்தொகுதி பெரிதென்றால் பென்டிரைவ்தான் மலிவு. ஆனால் ஃபாட்32இல் 4 ஜீபீக்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றுங்கள். கூடவே, கோப்பு மாறாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க எஸ்.எச்.ஏ-256 சரிபார்ப்புப் பட்டியலை வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே பாதிதான் இருக்கும். ஐப்பசி இடிக்கு வயர்களைக் கழற்றி வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

வெளியே போகும் பிரதியில் சாட்சி சொன்னவரின் பெயர் இல்லை, வீடு இல்லை. கிராம அலுவலர் பிரிவு மட்டும். இப்போது பறக்கும் விமானங்களின் நடமாட்டம், தளங்களின் படம் எதுவும் சேர்ப்பதில்லை. மற்றவர் தொகுத்த அட்டவணையை அப்படியே தூக்கிப் போடவும் கூடாது. தனித் தரவு எவருக்கும் சொந்தமில்லை, தெரிவும் ஒழுங்கும் தொகுத்தவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை ஒருமுறை வாசித்துவிட்டு இறங்குங்கள்.

தயாரிப்பு இலக்கத் தகடு கிடைக்கும் என்று காட்டுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தூக்கப் போகவே வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கண்டாலும் கைவைக்க வேண்டாம். சிதைவும் வெடிக்காத குண்டும் ஒரே மண்ணில் கிடக்கும். இடத்தைப் பொலிசுக்கு 119இல் சொன்னால் கண்ணிவெடி அகற்றுபவர்களுக்குப் போகும்.

இன்னும் சரிவராமல் இருப்பது சத்தத்துக்கான நிரல். 'இரைச்சல்', 'உறுமல்', 'ஙொய் என்ற சத்தம்', 'போன பிறகுதான் கேட்டது' என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வதால் தேட முடியவில்லை. விசிறி, ஜெட், தொடர் ரீங்காரம் என்று மூன்று குறியீட்டுக்குள் அடக்கிப் பார்த்தோம். தேடல் ஓடியது, ஆனால் வை-8ஐயும் சியாமாசெட்டியையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டது. இப்போதைக்குக் குறியீடு ஒரு நிரலில், சொன்ன சொல் அப்படியே பக்கத்து நிரலில்.